பட்டம் இருந்தால் பறந்துவிடலாமா? - ஒரு வீட்டுப் பத்திரமும் சில விசா கணக்குகளும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பாவிடமிருந்து போன். "ஏம்மா, நீ பத்திரிகையில இருக்கியே... தம்பி எம்.எஸ் படிக்க அமெரிக்கா போறேங்கிறான். இல்லன்னா கனடாவாம். 40 லட்சம் ஆகும்ங்கிறான். வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வைக்கணுமாம். வைக்கலாமா, வேணாமா? விசாரிச்சுச் சொல்லு."

"வெறும் டிப்ளமோதானா, மேல படிக்கலையா?" என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கேள்வி வாங்கும் என்னிடம் போய் இதைக் கேட்கிறாரே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால், அந்தப் பத்திரம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். 14 வருடங்கள் ஷார்ஜாவில் ஏ.சி மெக்கானிக்காக நின்று, சித்தப்பா கட்டிய வீடு அது. அதனால் ஒரு வாரம் விசா விதிகளையும் கடன் கணக்கையும் உட்கார்ந்து படித்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

பத்தாம் வகுப்பு என்ற முதல் கதவு

சித்தப்பா படித்தது ஒன்பதாவது வரை. 2009-ல் அவர் முதல் தடவை கிளம்பியபோது பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்' முத்திரை இருந்தது. அதாவது, குடிபெயர்வு அனுமதி தேவை. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, மத்திய அரசின் அனுமதி வாங்கிய பிறகே விமானம் ஏற முடியும். ஏமாற்றப்படாமல் இருப்பதற்காக வைத்த பாதுகாப்புதான். ஆனால், ஏஜென்ட் வாசலில் காத்துக்கிடந்த சித்தப்பாவுக்கு அது வேறு மாதிரிதான் தெரிந்தது. "பத்தாவது ஒண்ணு பாஸ் பண்ணியிருந்தா..." என்று இன்றைக்கும் சொல்வார்.

பத்தாம் வகுப்பு சான்றிதழ் இருந்தால் அந்த அனுமதியே தேவையில்லை. கல்விச் செலவுக்குக் கிடைக்கும் பலனாகப் பார்த்தால், வெளிநாட்டு வேலைக்கு இதைவிட லாபமான சான்றிதழ் கிடையாது என்பேன்.

அடுத்தது டிகிரி. இதை வைத்திருந்தால் மட்டும் போதாது. ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போகிறவர்கள் மாநில அரசு, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் அங்கே அந்தப் பட்டத்துக்கு மதிப்பு.

அமெரிக்காவில் எல்லோரும் படித்தவர்களா?

"அமெரிக்கா போன நம்ம ஆளுங்களைப் பாருக்கா, எல்லாரும் எம்.எஸ்" என்றான் தம்பி. தவறில்லை. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, 2019-ல் அமெரிக்காவில் வாழும் 25 வயதைத் தாண்டிய இந்திய வம்சாவளியினரில் 75 சதவிகிதம் பேர் பட்டதாரிகள். 43 சதவிகிதம் பேர் முதுநிலை அல்லது அதற்கு மேல் படித்தவர்கள். அமெரிக்க மக்கள்தொகையில் பட்டதாரிகள் மூன்றில் ஒரு பங்குதான்.

ஆனால், இதை நாம் தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம். எம்.எஸ் படித்த எல்லோரும் அங்கே தங்கிவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. படித்தவர்களை மட்டுமே பெரும்பாலும் உள்ளே விடும் விசா முறையால் வந்த எண்ணிக்கை இது. தங்க முடியாமல் திரும்பியவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள்.

விதியைப் பாருங்கள். படிப்பு முடிந்ததும் 12 மாதங்கள் வேலை செய்யலாம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பாடங்கள் என்றால் இன்னும் 24 மாதங்கள். அதற்குள் ஹெச்-1பி விசா கிடைக்க வேண்டும். வருடத்துக்கு 65,000 பொது இடங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை முடித்தவர்களுக்குத் தனியாக 20,000. இந்த 20,000-க்குள் போட்டியிடும் தகுதிதான் எம்.எஸ் தருவது. இடம் தருவதில்லை.

விதி மாறிக்கொண்டும் இருக்கிறது. 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் ஹெச்-1பி ஊழியருக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. பிரிட்டனில் முதுநிலை முடித்தவர்கள் தங்கி வேலை தேட 2 வருடங்கள் தந்தார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதங்கள். இன்று விண்ணப்பிக்கும்போது இருக்கும் விதி, இரண்டு வருடம் கழித்து சான்றிதழ் வாங்கும்போது இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

கனடா போடும் மார்க்

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. துணை இல்லாமல் தனியாக விண்ணப்பிப்பவருக்கு இளநிலைப் பட்டத்துக்கு 120, முதுநிலைக்கு 135, பிஹெச்.டி-க்கு 150. இளநிலைக்கும் முதுநிலைக்கும் நேரடி வித்தியாசம் 15 புள்ளிகள்தான். நல்ல மொழி மதிப்பெண்ணோடு சேர்ந்தால் முதுநிலைக்கு இன்னும் கொஞ்சம் கூடும்.

இப்போது இதைப் பாருங்கள். ஐ.இ.எல்.டி.எஸ் தேர்வில் நான்கு பகுதிகளிலும் 6 எடுத்தால் 68 புள்ளிகள். கேட்டலில் 8-ம் மற்ற மூன்றிலும் 7-ம் எடுத்தால் 124. வித்தியாசம் 56! தம்பியிடம் சொன்னபோது, "அக்கா, நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டான். வயதுக்கும் புள்ளி உண்டு. 29 வயதில் 110, 32 வயதில் 94. முப்பதை நெருங்கும்போது மேற்படிப்புக்குப் போனால், ஒரு பக்கம் ஏறும் புள்ளி இன்னொரு பக்கம் இறங்கிவிடும்.

உள்ளே போய்விட்டால்? கனடாவின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டில் பட்டம் வாங்கி அங்கே குடியேறியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல், பள்ளிப் படிப்பே போதும் என்ற வேலையில் இருக்கிறார்கள். நர்ஸ், டாக்டர், ஆசிரியர், இன்ஜினீயர் போன்ற தொழில்களுக்கு அந்தந்த மாகாணத்தின் உரிமம் வேண்டும். குடியேற்ற அலுவலகம் மதிக்கும் பட்டத்தை வேலை கொடுப்பவர் மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மொழியும் ஒரு பட்டம்தான்

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. வாழ்க்கைச் செலவுக்கு வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். படிப்பை ஆங்கிலத்தில் முடித்துவிடலாம். வேலை தேடும்போதுதான் ஜெர்மன் மொழி தெரியாதது இடிக்கும். அங்கே நர்ஸாக அங்கீகாரம் பெற பொதுவாக பி2 நிலை ஜெர்மன் வேண்டும். அதாவது, இங்கே பி.எஸ்சி நர்சிங் முடித்த ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ்சி-யை விட அந்த மொழிச் சான்றிதழ் பெரிய பட்டம்.

பிஹெச்.டி பற்றி ஒரே வரி. அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் ஆய்வு மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் கிடைக்கும். அதனால் கடன் வாங்கி பிஹெச்.டி போகிறேன் என்று யாராவது சொன்னால், கொஞ்சம் உட்கார வைத்துப் பேசுங்கள்.

சித்தப்பாவுக்குப் போட்டுக்காட்டிய கணக்கு

40 லட்சம் ரூபாய், 10 சதவிகித வட்டி, 15 வருடங்கள். மாதத் தவணை சுமார் 43,000 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது 77 லட்சத்துக்கு மேல். படிக்கும் காலத்தில் ஓடும் வட்டி தனி. டாலரில் சம்பளம் வந்தால் இது பெரிய தொகை இல்லை. ஊர் திரும்பி இங்கே சம்பளம் வாங்கினால், தவணை போக கையில் என்ன மிஞ்சும்?

அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு நான்கு கேள்விகள்:

1. இந்தப் பட்டம் சட்டப்படி எந்தக் கதவைத் திறக்கிறது? அந்தக் கதவை வேறு சான்றிதழாலோ, மொழித் தேர்வாலோ, வேலை அனுபவத்தாலோ திறக்க முடியுமா?
2. அந்த நாட்டில் இந்தத் தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டுமா?
3. படிப்பு முடிந்தபின் தங்க எத்தனை மாதங்கள்?
4. வேலை கிடைக்காமல் திரும்பினால், இங்கே வாங்கும் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா?

நான்காவது கேள்விக்குப் பதில் 'முடியாது' என்றால், கட்டணம் குறைந்த நாட்டைத் தேடலாம், உதவித்தொகைக்கு முயலலாம், இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகலாம். போகவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. படிப்பால் வாழ்க்கை மாறிய குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. ஆனால், ஒரு பட்டத்தின் மதிப்பு அந்தக் காகிதத்தில் மட்டும் இல்லை. எந்த நாடு, எந்தத் துறை, எத்தனை கடன் என்பதில்தான் பாதி இருக்கிறது.

நேற்று இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதி. "நான் பேப்பர் இல்லாம கஷ்டப்பட்டேன்மா. அதான் இவனுக்கு எவ்வளவு பெரிய பேப்பர் வேணும்னாலும் வாங்கிக் கொடுத்துடணும்னு நெனச்சேன்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

தம்பி இப்போதைக்கு ஐ.இ.எல்.டி.எஸ் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். ஆபீஸ் முடிந்து, இரவு 7 மணி பேட்ச். அடுத்த வருடம் எந்த நாடு என்று முடிவு செய்வானாம். பத்திரம் இன்னும் சித்தியின் பீரோவில்தான் இருக்கிறது.