காற்புள்ளிக்குக் கப்பமா?

சில நாட்களுக்கு முன் ஓர் இளைஞர் நம்மைக் காண வந்திருந்தார். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தோட்டப் பள்ளியில் தமிழும் பட்டணத்துப் பள்ளியில் ஆங்கிலமும் கற்றவர். இப்பொழுது வீட்டில் இருந்தபடியே இணையத்தின் வாயிலாக வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஆங்கிலக் கட்டுரைகள் எழுதிக் கொடுத்துச் சீவனம் செய்கிறார். மாதச் சம்பளம் கிடையாது. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அவருக்கு வேலை தர முன்வந்த ஒரு கம்பெனி, அசோசியேட்டட் பிரஸ் நடைப்படி எழுதவேண்டும் என்று ஒரே வரியில் கட்டளையிட்டுவிட்டது. மற்றொரு கம்பெனி சிகாகோ நடை கேட்கிறது. அவ்விரு நடைக் கையேடுகளையும் இணையத்தில் பார்க்க வேண்டுமாயின் ஆண்டுதோறும் சந்தா கட்டவேண்டும். "இரண்டுக்கும் பணம் கட்டினால் என் கூலியில் என்ன மிஞ்சும், ஐயா? கட்டாவிட்டால் எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை உண்டா?" என்று அவர் கேட்டார்.

யோக்கியதை என்ற அச்சொல்தான் நம்மை இதனை எழுதத் தூண்டிற்று. சந்தா ரசீதினால் யோக்கியதை வருமென்று இவருக்குக் கற்பித்தவர் யார்?

நடைக் கையேடு என்பது இலக்கண நூலன்று. நன்றாக எழுதக் கற்பிக்கும் நூலுமன்று. ஒரு பத்திரிகையோ பதிப்பகமோ தன் வீட்டு வழக்கங்களை எழுதி வைத்துக்கொண்ட புத்தகம் அது. மூன்று பொருள்களை அடுக்கிச் சொல்லும்பொழுது, கடைசிப் பொருளுக்கு முன்வரும் 'மற்றும்' என்ற சொல்லுக்கு முன்னே காற்புள்ளி இடு என்கிறது சிகாகோ. எளிய அடுக்காயின் வேண்டாம் என்கிறது அசோசியேட்டட் பிரஸ். எண்களைப் பொதுவாக நூறு வரை எழுத்தால் எழுது என்பது சிகாகோவின் விதி. ஒன்பதோடு நிறுத்திவிட்டுப் பத்திலிருந்து இலக்கம் இடு என்பது மற்றதன் விதி. இவற்றில் எது சரி என்று கேட்டால் இரண்டுமே சரிதான். ஒரு வீட்டில் செருப்பை வாசலில் விடு என்பார்கள், வேறொரு வீட்டில் தாழ்வாரத்தில் விடு என்பார்கள். சென்ற இடத்து வழக்கத்தைக் கேட்டு அதன்படி நடப்பது மரியாதை. அவ்வழக்கத்தைத் தெரிந்துகொள்வதற்கு விருந்தாளி காசு கொடுக்கவேண்டுமென்பது எந்த ஊர் நியாயம்?

அவ்வழக்கமேனும் நிலையாக நிற்கிறதா? சிகாகோப் பல்கலைக்கழகத்தார் 1906-இல் தம் கையேட்டை முதன்முதல் வெளியிட்டனர். 17-ஆம் பதிப்பு 2017-இலும் 18-ஆம் பதிப்பு 2024-இலும் வந்தன. அசோசியேட்டட் பிரஸ் கையேடு 1953-இல் தோன்றிப் பின்னர் நெடுங்காலம் ஆண்டுக்கொரு முறை அச்சாகி, 2020 முதல் ஈராண்டுக்கொரு முறை வருகிறது. இணையத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கு என்று கட்டளையிட்டு வந்தவர்கள், 2016-இல் சிறிய எழுத்தே போதும் என்றார்கள். மின்னஞ்சலைக் குறிக்கும் சொல்லின் நடுவே கிடந்த சிறு கோடு 2011-இல் எடுபட்டது. மொழி மாறும்பொழுது விதியும் மாறத்தான் வேண்டும். அதில் நமக்கு ஆட்சேபணையில்லை. மாறுந்தோறும் சொல்லுக்குக் கூலி வாங்குகிறவன் தன் மடியை அவிழ்க்கவேண்டும் என்பதைத்தான் மறுக்கின்றோம்.

தோட்டத்து மக்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கங்காணி கடையில் அரிசி வாங்கிய கணக்குக் கூலியில் பிடிக்கப்பட்ட கதையை நம் பாட்டன்மார் வாயால் கேட்டிருக்கிறோம். பிரட்டுக்குப் போகும் முன்பே கடன் தலையில் ஏறியிருக்கும். இந்நாளைய விவகாரத்தில் வேலை கொடுப்பவர் வேறு, சந்தா வாங்குபவர் வேறு என்பது மெய்தான். அதனை இதனோடு முற்றும் ஒன்றாக்குவது நேர்மையன்று. ஆயினும் வேலை தொடங்குமுன்னரே செலவு வந்து விழும் தலை அன்றும் தொழிலாளியின் தலை, இன்றும் தொழிலாளியின் தலை.

காற்புள்ளி அற்பம் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். அமெரிக்காவில் மெய்ன் என்னும் மாநிலத்தில் ஒரு பால் கம்பெனியின் லாரி ஓட்டுநர்கள் மிகைநேரக் கூலி கேட்டு வழக்காடினர். மிகைநேரக் கூலிக்கு உரிமையில்லாத வேலைகளைச் சட்டம் அடுக்கிச் சொன்னபொழுது, இறுதியில் 'அனுப்புவதற்காகக் கட்டுதல் அல்லது விநியோகித்தல்' என்று இருந்தது; இடையே காற்புள்ளியில்லை. விநியோகித்தல் தனி வேலையா, விநியோகத்திற்காகக் கட்டுவது மட்டுமே குறிக்கப்பட்டதா என்ற ஐயத்தை மேல்முறையீட்டு மன்றம் 2017-இல் தொழிலாளருக்குச் சாதகமாகவே தீர்த்தது. 2018-இல் கம்பெனி 50 லட்சம் டாலர் கொடுக்க இசைந்து சமாதானம் செய்துகொண்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தக் காற்புள்ளி வேண்டாம் என்று சட்டம் எழுதுவோருக்குச் சொல்லியிருந்ததே அம்மாநிலத்துக் கையேடுதான்! கையேட்டைப் பின்பற்றியதால் பொருள் தெளிந்துவிடவில்லை. வாக்கியத்தை எழுதியவர் அதைப் படிக்கப்போகிறவனின் இடத்தில் நின்று ஒருமுறை படித்திருந்தால் தெளிந்திருக்கும். அந்தப் பழக்கத்தை எந்தச் சந்தாவும் கொடாது.

இலவசமாய்க் கிடைப்பது மட்டமானது என்று வாதிப்போரும் உண்டு. பிரிட்டிஷ் அரசாங்கம் தன் இணையப் பக்கங்களை எழுதுவோருக்கான விதிகளை யாவரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறது. கார்டியன் பத்திரிகையும் மைக்ரோசாப்ட் கம்பெனியும் தத்தம் கையேடுகளைத் திறந்தே வைத்திருக்கின்றன. கார்னெல் பல்கலைக்கழக ஆசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-இல் தம் மாணவர்களுக்கென்று அச்சிட்ட சிறு நூல் இன்று பொதுச் சொத்து. நம் நாட்டில் டேவான் பஹாசா தன் மலாய் அகராதியை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. இவையெல்லாம் மட்டமா? தமிழிலும் பாருங்கள். பெரியார் 1935-இல் 'குடி அரசு' பத்திரிகையில் லை, ணை, னை முதலிய எழுத்துக்களைப் புது வடிவில் அச்சிட்டார். எவரிடமும் அனுமதிக் கட்டணம் கேட்கவில்லை. தமிழ்நாட்டு அரசாங்கம் 1978-இல் அதனை ஏற்றது. நீங்கள் இவ்வரிகளைப் படிப்பதும் அவ்வெழுத்தில்தான்.

அப்படியானால் எவரும் வாங்கவே கூடாதா? அங்ஙனம் சொல்லமாட்டோம். புத்தகப் பிரதிகளைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டு, ஆண்டு முழுதும் சிகாகோ நடையில் உழைப்பவருக்கு அது பால் வெட்டுகிறவனின் கத்தி போன்றது. அவர் வாங்கட்டும், அச்செலவைத் தம் கூலியில் சேர்த்துக் கேட்கவும் கேட்கட்டும். அக்கையேட்டைத் தொகுப்போரும் உழைக்கிறார்கள். அவர்களுக்கு விலை கிடைப்பதை நாம் பழிக்கவில்லை. இங்கொரு கட்டுரை, அங்கொரு விளம்பரம் என்று எழுதிப் பிழைப்பவர் நிலை வேறு. அவர் கையில் மிஞ்சும் காசுக்கு முதற்பாத்தியம் ஒரு நல்ல அகராதிக்கு. அடுத்தது நல்ல எழுத்தாளர்களின் நூல்களுக்கு. விதி வேண்டுமென்று கேட்கும் கம்பெனியே விதியை எடுத்துக் கொடுக்கவேண்டும்.

நம் இளைஞர் தயங்கினார். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் அவருக்கு. கைகட்டி நிற்கும் பழக்கம் அத்தனை எளிதில் விடுமா? அவரை நம் மேசையிலேயே உட்கார வைத்து, "தங்கள் கம்பெனி வழக்கமாகக் கடைப்பிடிக்கும் விதிகளை அனுப்பிவைத்தால் அவற்றின்படி எழுதித் தருகிறேன்" என்று அந்த முதற்கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதச் செய்தோம். இரண்டாம் நாள் பதில் வந்தது. இரண்டே பக்கம், பெரும்பாலும் காற்புள்ளியும் இலக்கமும் தலைப்பெழுத்தும் பற்றியவை. அவர்கள் காசு கேட்கவில்லை. கட்டுரை எந்தத் தேதிக்குள் வரும் என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.