பூட்டு எனக்கு, சுவிட்ச் ஊருக்கா?

இன்னைக்கு வந்ததே புலம்பத்தான்.

போன மாசம் அப்பாவோட பழைய ஹார்ட் டிஸ்க் 'டக் டக்'குனு சத்தம் போட ஆரம்பிச்சுது. அதன் உயிர் போறதுக்குள்ள எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடலாம்னு காலையில் காப்பி போட்டேன். அப்பா பேசற ஒரே வீடியோ அதுலதான் இருந்தது. ராத்திரி படுக்கும்போது 11 மணி நேரம் ஓடி, பாதி தாண்டியிருந்தது. விண்டோஸ் கீயோட எல் அமுக்கிப் பூட்டிட்டுப் படுத்துட்டேன்.

விடிஞ்சு பார்த்தா கம்ப்யூட்டர் ஆஃப். ஊர்லேர்ந்து வந்திருந்த மாமா காபியை ஆத்திக்கிட்டே சொன்னார்: "ராத்திரி பூரா கரண்டு வீணா ஓடுதே மாப்ளே, நான்தான் ஆஃப் பண்ணுனேன்."

"பாஸ்வேர்டு தெரியாம எப்படி மாமா?"

"அதெதுக்கு? மூலையில பட்டன் இருந்துச்சே!"

அந்த டிஸ்க் அப்புறம் சுத்தவே இல்லை. வந்த பாதியில் வீடியோவும் இல்லை.

மாமா மேல கோபமில்லைங்க. கண்ணுக்குப் பட்டன் தெரிஞ்சுது, அமுக்கினார். என் கேள்வி, பூட்டுக்கு வெளியே அந்தப் பட்டன் எதுக்கு? பூட்டுவது வேற, லாக் ஆஃப் செய்வது வேற. பூட்டினா உள்ளே எல்லா வேலையும் ஓடிக்கிட்டேதான் இருக்கும். 'திரும்பி வருவேன், தொடாதே'ன்னுதான் அதுக்கு அர்த்தம். என் ஒரு கோப்பைத் திறக்க பாஸ்வேர்டு கேட்கிற இயந்திரம், என் மொத்த வேலையையும் சாகடிக்க அதைக் கேட்க மாட்டேங்குது. என்னங்க நியாயம் இது?

இது தெரியாம நடந்த தப்பும் இல்லை. விண்டோஸின் சர்வர் பதிப்புகளில் லாக் ஆன் செய்யாம ஷட்டவுன் பண்ணும் வசதி ஆரம்பத்திலேயே மூடித்தான் வருது. வீட்டுக்கும் ஆபீஸ் மேசைக்கும் வர்ற பதிப்பில்தான் திறந்து விட்டிருக்காங்க. சர்வரில் ஓடுறதுதான் வேலை, நம்ம வீட்டில் ஓடுறது விளையாட்டா?

"பவர் பட்டனை நாலு செகண்டுக்கு மேல அமுக்கிப் பிடிச்சா எப்படியும் அணையும், பிளக்கைப் பிடுங்கினாலும் போச்சு, அப்புறம் இதை மட்டும் மூடி என்ன லாபம்?"னு சிலர் கேட்பீங்க. காம்பவுண்டு சுவரை எகிறிக் குதிக்கலாம்தான். அதுக்காகச் சாவியைக் கேட்டில் தொங்க விடுவோமா? பிளக்கைப் பிடுங்க ஒருத்தர் கொஞ்சமாவது யோசிப்பார். பளிச்சுனு தெரியற பட்டன் யோசிக்க விடாது. பள்ளிக்கூட லேபில் பாஸ்வேர்டு இல்லாம அணைக்க வேண்டியிருக்குமே என்றால், வேணுங்கிறவங்க திறந்துக்கட்டும். அதான் முறை.

சரி, புலம்பினது போதும். செய்ய வேண்டியது இது:

1. லோக்கல் செக்யூரிட்டி பாலிசி திறங்க. லோக்கல் பாலிசீஸ், அதுக்குள்ள செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ். 'ஷட்டவுன்: அலவ் சிஸ்டம் டு பி ஷட் டவுன் வித்தவுட் ஹேவிங் டு லாக் ஆன்' என்பதை டிஸேபிள்ட் ஆக்குங்க. மூலையில் இருக்கிற பட்டன் காணாமப் போயிடும்.

2. ஹோம் பதிப்பில் அந்த ஜன்னல் கிடையாது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாப்ட்வேர், மைக்ரோசாப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், பாலிசீஸ், சிஸ்டம்னு வரிசையா உள்ளே போய், 'ஷட்டவுன்வித்தவுட்லாகான்' மதிப்பை 0 ஆக்குங்க. ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன்னாடி ஒரு நகல் எடுத்துக்கோங்க.

3. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டனைத் தட்டினா 'டூ நத்திங்'னு மாத்துங்க.

இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டேன். அது என் தப்பு. நீங்க விடாதீங்க.

டிஸ்கி: அந்த டிஸ்க்கில் என்ன இருந்ததுன்னு மாமாவுக்கு இன்னும் தெரியாது. நானும் சொல்லப் போறதில்லை.