கோடை வெயிலும் பம்பு மோட்டாரும்

சித்திரை, வைகாசி மாதங்களில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால், குடியானவர் முதலில் மின்சாரத்தையும், அடுத்தபடியாகக் காயில் கட்டியவரையும் குறை கூறுவது வழக்கம். அக்குறைகளில் உண்மையும் இருக்கலாம். ஆயினும் வெயிலின் பங்கை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

உலோகங்கள் சூடேறச் சூடேற, மின்சார ஓட்டத்துக்கு அவை காட்டும் தடை அதிகரிக்கும். 20 டிகிரி சென்டிகிரேடில் 100 பங்காயுள்ள செம்புக் கம்பியின் தடை, 60 டிகிரியில் ஏறக்குறைய 116 பங்காகும். 120 டிகிரியில் 139 பங்கை எட்டும். அலுமினியமும் அநேகமாக இப்படியே. கரியும் சிலிக்கனும் இதற்கு மாறாக, சூட்டில் தடை குறைவன. மாங்கனின் என்னும் செம்புக் கலவையில் மாறுதல் அற்பமாதலால், அதை அளவு கருவிகளில் உபயோகிக்கிறார்கள். மோட்டாரின் காயிலோ பெரும்பாலும் செம்பே.

சென்னையில் 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் நிழலிலேயே உஷ்ணம் 45 டிகிரியை எட்டியது. வெயிலில் கிடக்கும் கம்பியின் சூடு அதனினும் மிகுதி. அம்பத்தூர், ஆவடிப் பக்கங்களில் தொழிற்சாலைகளும் வீடுகளும் பெருகிவிட்டன. பூவிருந்தவல்லிக்கு அப்பால் எஞ்சியுள்ள வயல்களிலோ, மெல்லிய கம்பியை நெடுந்தூரம் இழுத்து மோட்டார் ஓட்டினால் வழியிலேயே வோல்டேஜ் குறையும். வோல்டேஜ் குறைந்தால், அதே பளுவை இழுக்க மோட்டார் அதிக மின்சாரத்தை வாங்கும். அது பத்துக்கு ஒரு பங்கு கூடினால், காயிலில் பிறக்கும் சூடு நூற்றுக்கு 21 பங்கு கூடும். சூடு தடையை வளர்க்க, தடை மீண்டும் சூட்டை வளர்க்கும். தாங்கும் எல்லைக்கு மேல் 10 டிகிரி ஏறுந்தோறும் காயிற்காப்பின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர் கொள்ளும் பொதுக்கணக்கு.

ஸ்டார்ட்டரிலுள்ள ரிலே அடிக்கடி விழுகிறதென்று அதை அசையாமல் கட்டிவைப்பது பெருந்தவறு. மோட்டாரைக் காக்க எழும் எச்சரிக்கையின் வாயை அடைப்பதே அது. தெர்மிஸ்டர் என்னும் சிறு பீங்கான் வில்லையைக் காயிலுக்குள் வைக்கும் முறையும் உண்டு. குறித்த சூட்டில் அதன் தடை திடீரென உயர, அதனோடு இணைந்த கருவி மோட்டாரை நிறுத்திவிடும். கேடு விளைக்கும் இயல்பே இங்கே காவலாகிறது.

தடித்த கம்பிக்கு விலை அதிகம் என்பது மெய்தான். ஆனால் மோட்டார் பழுதுக்குப் போயிருக்கும் நாட்களில் வாடும் பயிரின் நஷ்டத்தையும் சேர்த்தெண்ண வேண்டும். ஆகவே தூரத்துக்கேற்ற தடித்த கம்பி, மோட்டாருக்குக் காற்றோட்டமுள்ள கீற்றுக் கொட்டகை, காலையிலும் மாலையிலும் இறைப்பு ஆகிய மூன்றையும் கோடைக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்வது குடியானவருக்கு நலம்.