தீவுக்குப் போகுமுன்

காவேரிப்பட்டினத்தில் மாங்கூழ் ஆலைகள் ஓய்ந்து, கையில் நாலு காசு புரளும் ஆடி, ஆவணியில்தான் பலருக்கு லட்சத்தீவு ஆசை வரும். அப்போது தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். கொச்சியிலிருந்து போகும் கப்பல்களும் குறையும். தை, மாசிக்குத் தள்ளிவையுங்கள். நுழைவு அனுமதி கட்டாயம். அதை முதலில் வாங்குங்கள். அதைவிட முக்கியம் தண்ணீர். அங்கே ஆறே கிடையாது. பவள மணலுக்கு அடியில், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீர்தான் கிணற்று நீர். அதிகம் இறைத்தால் உப்பேறிவிடும். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்தது இந்தத் தட்டுப்பாட்டால்தான். தென்பெண்ணை வறண்டு பார்த்த நமக்கு இது புரியும். அங்கே ஷவரைத் திறந்துவிட்டு நிற்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் குளியுங்கள்.