வித்தியாரம்பப் புரட்டு

விஜயதசமி வந்துவிட்டால், பால்மணம் மாறாத குழந்தையைப் புரோகிதன் முன் உட்காரவைத்து, தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, அதன் விரலைப் பிடித்து "ஓம்" என்றும் "ஹரி ஸ்ரீ" என்றும் எழுதச் செய்கிறார்கள். இதற்கு வித்தியாரம்பம் என்று பெயர். இதற்கு முதல் நாளோ புஸ்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டு யாரும் படிக்கக்கூடாதாம்!

இச்சடங்கின் கருத்தென்ன? படிப்பு என்பது வாத்தியார் உழைப்பாலும் பிள்ளையின் முயற்சியாலும் வருவதல்ல, சரஸ்வதி கடாட்சத்தால் வருவது என்பதேயாகும். அந்த அம்மாளை நெடுங்காலமாகப் பூஜித்துவந்த இந்நாட்டில் 1951-ம் வருஷத்து சென்சஸ் கணக்குப்படி படித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான். பெண்களில் 9 பேர்கூட இல்லை. எப்படி இருப்பார்கள்? எழுத்தைக் கும்பிடச் சொன்ன சாஸ்திரங்களே, சூத்திரனும் பெண்ணும் வேதம் ஓதலாகாது என்றல்லவா விதித்தன?

ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற்கு அழைத்து வந்தது, தாம்பாளத்து அரிசியில் எழுதிய எழுத்தல்ல; அரிசியைச் சோறாக்கிப் போட்டதேயாகும். 1920-ல் நீதிக்கட்சித் தலைவர் சர். தியாகராயர் காலத்தில் சென்னை நகரசபைப் பள்ளியிலும், 1956-ல் காமராசர் ஆட்சியில் நாடெங்கும் நடந்தது அதுதான். எந்தப் புரோகிதன் அதற்கு நாள் பார்த்துக் கொடுத்தான்?

நம் தோழர்களிலேயே சிலர், மேடையில் சடங்கைக் கண்டித்துவிட்டு, தங்கள் பிள்ளை விஷயத்தில் மாத்திரம், "வீட்டில் பெண்கள் கேட்கமாட்டேன் என்கிறார்கள்" என்று சமாதானம் சொல்லுகிறார்கள். அப்பெண்களிடம் மேற்படி 9 பேர் கணக்கை ஒரு நாளாவது சொன்னதுண்டா என்று கேட்கின்றோம்.