அறியாமை யாருடையது?

செஞ்சிக் கோட்டையின் பெயர் 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அங்குள்ள வெடிமருந்துக் கிடங்கைக் கட்டியவர்கள் ஆபத்து இருக்கும் இடத்தை அறிந்திருந்தார்கள். அங்கேயே காவலும் வைத்தார்கள். அந்த எளிய அறிவுகூட இன்றைய கல்விக்கூடங்களுக்கு இல்லையே என்பதுதான் நம் வழக்கு.

கதிரியக்கத்தைக் கண்டறிதல் என்றதும் நம் ஏடுகள் துறைமுகம், தீவிரவாதி, அணுகுண்டு என்றே எழுதுகின்றன. துறைமுக வாயிற்கருவி இருவகைக் கதிர்களைத் தேடுகிறது. காமாக் கதிர் பட்டால் ஒளிரும் பொருளின் மினுக்கங்களை எண்ணுவது ஒருவகை. கனத்த காரீயத்துக்குள் காமா பெரிதும் அடங்கிவிடும். நியூட்ரானோ காரீயத்தைக் கடந்துவரும். புளுட்டோனியத்தை அதன் நியூட்ரானைக்கொண்டு பிடிப்பது மற்றொரு வகை. நுட்பத்தில் குறையில்லை. அது நிற்கும் இடத்தில்தான் குறை.

2010இல் தில்லி மாயாபுரியில் நடந்ததென்ன? தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1968இல் வாங்கி, 1985க்குப் பின் பயன்படுத்தாமல் போட்டுவைத்த காமாக் கதிர்வீச்சுக் கருவி பழைய இரும்பாக ஏலம் போனது. உள்ளே கோபால்ட்-60. அதன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டு, கிடப்பில் கிடந்த காலத்தில் ஏறத்தாழ ஐந்து அரை ஆயுட்காலங்கள் கழிந்தும் அது ஓர் உயிரைக் குடித்தது, பலரை நோயில் தள்ளியது. கோபால்ட்டைக் கண்டறிய நியூட்ரான் கருவி வேண்டியதில்லை. கையடக்கமான காமா மானி போதும். அது மாயாபுரிச் சந்தைக்குள் வந்ததோ, தொழிலாளர் மருத்துவமனை சேர்ந்த பின்பு.

காயலான் கடைக்காரரின் அறியாமையே காரணம் என்பார் உளர். நாம் மறுக்கிறோம். மூவிதழ் எச்சரிக்கைக் குறி மக்களுக்குப் புரிவதில்லை என்பதனாலேயே 2007இல் பன்னாட்டு அணுசக்தி முகமை மண்டையோடும் ஓடும் மனிதனும் கொண்ட புதுக்குறியைக் கொணர்ந்தது. குறியைப் படிக்கத் தெரிந்தவர்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள், படிக்கவில்லை. உடைத்தவர் கைக்கு அது வெறும் உலோகமாகவே வந்து சேர்ந்தது. அப்பொருளை ஒளித்துவைத்தது தீவிரவாதியல்லன். யாரும் புரட்டாத இருப்புப் பதிவேடு.

கல்லூரி ஆசிரியராகிய நமக்கு இதில் பங்குண்டு. ஆய்வகப் பொருள் எதுவும் ஏலத்திற்குப் போகுமுன் இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிடப்பட வேண்டும்; காமா மானியால் அளக்கப்பட வேண்டும். காயலான் சந்தைகளுக்கும் அம்மானி வேண்டும். அரசின் அச்சம் எல்லையில் நிற்கிறது. ஏழையின் கை இரும்பின்மேல் இருக்கிறது. காவல் அந்தக் கைக்கு அருகில் வரட்டும்.