குறையுள்ள திருச்சபையை மதிப்பது குறித்த நிலைப்பாடு

திருச்சபையின் நிர்வாகச் சீர்கேடுகளையும் அதற்குள் நிலவும் சாதிப் பாகுபாட்டையும் கண்டு மனம் கசந்தவர்கள், கிறிஸ்துவைப் பற்றிக்கொள்ளச் சபை தேவைதானா என்று கேட்பது தமிழ்நாட்டில் வலுத்துவருவதால், பல சபைப்பிரிவுகளைச் சேர்ந்த பொதுநிலையினரின் மன்றம் தன் நிலைப்பாட்டை இவ்வறிக்கையில் முன்வைக்கிறது. குறைகள் சிறியவை, ஆகவே பொறுத்துக்கொள்ளலாம் என்பது மன்றத்தின் வாதமன்று. அவற்றில் சில கொடியவை. அவற்றைக் குறை என்று சுட்டுவதற்கான அளவுகோல் சபை இதுவரை சுமந்துவந்த நற்செய்தியிலேயே இருக்கிறது என்பதும், அக்குறைகளால் அடிபட்டவர்களுக்கே சபையின்மீது முதல் உரிமை உண்டு என்பதுமே அதன் வாதம்.

கேள்வி பழையது. கி.பி. 303இல் ரோமப் பேரரசன் தியோக்கிலேத்தியன் தொடங்கிய துன்புறுத்தலின்போது, வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்து உயிர் தப்பிய குருமார் வட ஆப்பிரிக்காவில் துரோகிகளாகக் கருதப்பட்டனர். அத்தகையவர் கைவைத்து ஏற்படுத்திய ஆயர் ஆயரல்லர், அந்தச் சபையின் ஞானஸ்நானமும் செல்லாது என்று கூறிப் பிரிந்து சென்றோர், தங்கள் தலைவர் தொனாத்துவின் பெயரால் தொனாத்தியர் எனப்பட்டனர். திருவருட்சாதனங்கள், அதாவது கடவுளின் அருளைக் கண்ணுக்குப் புலனாக்கும் ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற சடங்குகள், கிறிஸ்துவுக்கே உரியவை ஆதலால் அவற்றை நடத்துபவரின் ஒழுக்கக்கேடு அவற்றை வெறுமையாக்காது என்றும், அறுவடைவரை கோதுமையோடு களையும் கலந்து வளரும் வயலே சபை என்றும் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் அவர்களுக்கு மறுமொழி தந்தார். இயேசு சொன்ன களைகளின் உவமையில் வரும் வயல் உலகமே, சபையன்று என்று 411ஆம் ஆண்டுக் கார்த்தேஜ் மாநாட்டில் தொனாத்தியர் எடுத்துரைத்த மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. மத்தேயு நற்செய்தியும் அப்படித்தான் விளக்குகிறது. போதாக்குறைக்கு, அகுஸ்தீனே பிற்காலத்தில் அவர்கள்மீது அரசின் தண்டனைச் சட்டங்கள் பாய்வதை ஆதரித்தார். இருப்பினும், குருவின் தகுதியை நம்பி விசுவாசிகள் வாழ வேண்டியதில்லை என்ற அவருடைய மையக்கருத்தை மன்றம் ஏற்கிறது. ஏற்காவிட்டால், தவறிழைத்த ஒரு குருவின் கையால் ஞானஸ்நானம் பெற்ற ஏழை விசுவாசிக்கு எந்த உறுதியும் மிஞ்சாது.

ஆனால் களையைப் பொறுத்துக்கொள்ளும்படி கூறும் அறிவுரை தமிழ்நாட்டில் பெரும்பாலும் மிதிபட்டவர்களுக்கே வழங்கப்பட்டுவந்திருக்கிறது. ஆராதனையில் தனி இருக்கை, திருவிருந்தில் முன்னுரிமை என்று நிலவிய வழக்கங்களை உடனே ஒழிக்குமாறு கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர் பலர் அதை ஏற்க மறுத்துச் சபையைவிட்டு வெளியேறினர். திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவர் அதே வழக்கத்தின் நீட்சி. எறையூரில் 2008 மார்ச்சில் மூண்ட சாதிக் கலவரமும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்ததும் நாடறிந்தவை. அங்கே தலித் கத்தோலிக்கர் கேட்டது ஒரு தனிப் பங்கு, அதாவது தமக்கென ஒரு குருவும் நிர்வாகமும் கொண்ட சபைப் பிரிவு. சபையை விட்டுவிட அவர்கள் நினைக்கவில்லை. தங்களை அவமதித்த அதே சபைக்குள் மதிப்போடு நிற்க இடம் கேட்டார்கள். சபையை மதிப்பது என்பதற்கு மன்றம் கொள்ளும் பொருள் அவர்களிடமிருந்து கற்றது.

உள்ளிருந்தே திருத்தம் பிறந்ததற்கும் சான்று உண்டு. திருநெல்வேலிப் பகுதியின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற இடத்தைப் பெற்ற வி. எஸ். அசரியாவும், பெரும்பாலும் இந்தியரான குருமாரும் 1919இல் தரங்கம்பாடியில் கூடி, மேலைநாட்டுப் பூசல்களால் உண்டான பிளவுகளை இந்தியர் சுமக்க வேண்டியதில்லை என்று அறிக்கையிட்டனர். 1947 செப்டம்பர் 27இல் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அசரியா உயிரோடில்லை. ஆயர் அமைப்பை ஏற்ற ஆங்கிலிக்கன் சபையும் அதை ஏற்காத சபைகளும் ஒன்றான அந்நிகழ்வு உலகக் கிறிஸ்தவத்துக்கே புதிது. அதே சபையின் தேர்தல்களும் சொத்துகளும் இன்று நீதிமன்ற வழக்குகளாக அலைவதையும் மறைப்பதற்கில்லை.

நன்மையும் குறையும் தனித்தனி இடங்களில் குடியிருப்பதில்லை. அறுப்பின் பண்டிகையன்று பூசணியும் வாழைத்தாரும் கோழியும் காணிக்கையாக வந்து, ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் ஏலம் போகின்றன. சந்தை விலையைப்போல் பல மடங்கு கொடுத்து எடுத்த பூசணியை மறுபடியும் ஏலத்துக்கே திருப்பித் தருபவரும் உண்டு. அப்படிச் சேர்ந்த பணத்தின் கணக்கு சபைக் கூட்டத்தில் வாசிக்கப்படாமலே போகும் இடங்களும் உண்டு. கணக்குக் கேட்பவரைச் சபையின் பகைவராகக் காட்டும் வழக்கத்தை மன்றம் கண்டிக்கிறது, ஏனெனில் பூசணியைத் திருப்பித் தந்தவரின் மனத்துக்கு மதிப்புத் தருபவர் அப்படிக் கணக்குக் கேட்பவரே.

சபை ஊழியர்மீது எழும் பாலியல் குற்றச்சாட்டு காவல்துறைக்குச் செல்ல வேண்டியது. அதைச் சபைக் குழு தனக்குள் பேசி முடிப்பதை மன்னிப்பு என்று அழைக்கலாகாது. மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உரியது, குழுவுக்கன்று. கொடுமை தாங்காமல் விலகியவர்களைப் பின்மாறியோர் என்று பிரசங்கப் பீடத்திலிருந்து இழித்துரைப்பதையும் மன்றம் ஏற்கவில்லை. சபையில் தொடரும்படி அவர்களை வற்புறுத்தும் தகுதி தனக்கு இல்லை என்று கருதும் மன்றம், தொடர்ந்து இருப்பவர்களிடமே தன் கோரிக்கையை வைக்கிறது: கல்லறையில் பிரிவினை நீடிக்கும் எந்தச் சபையிலும் அதை நீக்கும் தீர்மானத்தை உறுப்பினர்கள் அடுத்த சபைக் கூட்டத்திலேயே கொண்டுவர வேண்டும், அத்தீர்மானம் தோற்றால் அதற்கடுத்த கூட்டத்திலும் கொண்டுவர வேண்டும்.